யாருக்காக இந்தக் கல்லூரி? சான் பிரான்சிஸ்கோ சிட்டி காலேஜ்: ஒரு நிகழ்வு ஆய்வு

2013 ஜூலை 3-ஆம் தேதி சான் பிரான்சிஸ்கோ சிட்டி காலேஜுக்கு அங்கீகார ஆணையத்திடமிருந்து ஒரு தகவல் வந்தது. அடுத்த வருடம் ஜூலை 31-ஆம் தேதியோடு உங்கள் அங்கீகாரம் ரத்து. அமெரிக்காவில் ஒரு பொதுக் கல்லூரிக்கு அங்கீகாரம் போனால் கதை முடிந்தது என்று அர்த்தம். மாநில அரசின் பணம் நிற்கும், மாணவர்களுக்கு மத்திய அரசு தரும் உதவித்தொகை நிற்கும், அங்கே எடுத்த பாடங்களை வேறு பல்கலைக்கழகங்கள் கணக்கில் எடுக்காது. அந்தச் சமயத்தில் அங்கே படித்துக்கொண்டிருந்தவர்கள் சுமார் 85,000 பேர். இத்தனைக்கும் வகுப்பில் பாடம் சரியாக நடக்கவில்லை என்பது குற்றச்சாட்டின் மையமே இல்லை.

இந்த விவகாரத்தைப் பற்றி இரண்டு கதைகள் சொல்வார்கள். ஏழைகளின் கல்லூரியை இழுத்து மூட அதிகாரிகள் போட்ட திட்டம் என்பது ஒன்று. யூனியன் பிடியில் இருந்த கல்லூரி வரவு பார்க்காமல் செலவு செய்து தானாகவே குழியில் விழுந்தது என்பது இன்னொன்று. இரண்டிலும் விஷயம் இருக்கிறது, ஆனால் இரண்டுமே ஒரு ஆளை விட்டுவிடுகின்றன என்றுதான் எனக்குப் படுகிறது. பட்டம் வேண்டாம், சான்றிதழ் வேண்டாம், இந்த செமஸ்டரில் இந்த ஒரு வகுப்பு கிடைத்தால் போதும் என்று வருகிறாரே, அவர். அவரையும் மாணவர் என்று எண்ணுவதா வேண்டாமா என்பதில்தான் கல்லூரியும் அரசும் அங்கீகார ஆணையமும் முட்டிக்கொண்டன. பணப் பிரச்சினை, நிர்வாகப் பிரச்சினை எல்லாம் நிஜம்தான், ஆனால் அவை முட்டிக்கொண்ட இடம் இதுதான்.

அதைப் புரிந்துகொள்ள கொஞ்சம் பின்னால் போக வேண்டும்.

கம்யூனிட்டி காலேஜ் என்றால் நம் ஊரில் பலருக்கும் டிப்ளமா கொடுக்கும் சிறிய பயிற்சி மையம்தான் ஞாபகம் வரும். 1990-களின் நடுவில் புதுச்சேரியிலும் சென்னையிலும் 'சமுதாயக் கல்லூரி' என்று ஆரம்பித்தது இந்த அமெரிக்க யோசனையை நம் நிலைமைக்கு ஏற்ப மாற்றியதுதான், பள்ளிப் படிப்பு பாதியில் நின்றவர்களுக்குச் சீக்கிரம் ஒரு வேலைக்கான திறமையைக் கொடுப்பது அதன் நோக்கம். அமெரிக்காவில் சங்கதி ரொம்பப் பெரியது. 1901-இல் இல்லினாய் மாநிலத்தின் ஜோலியட் ஊரில், ஒரு உயர்நிலைப் பள்ளியோடு ஒட்டி, கல்லூரியின் முதல் இரண்டு வருடப் படிப்பை உள்ளூரிலேயே சொல்லிக்கொடுப்போம் என்று தொடங்கியது இது. கலிஃபோர்னியாவில் 1907-இல் பள்ளிகள் அப்படிப் பாடம் நடத்தலாம் என்று சட்டம் வந்தது, 1910-இல் ஃபிரெஸ்னோவில் முதல் ஜூனியர் காலேஜ். சான் பிரான்சிஸ்கோ அவ்வளவு பெரிய நகரமாக இருந்தும் இருபத்தைந்து வருடம் பின்தங்கி, 1935-இல்தான் விழித்துக்கொண்டது.

அதுவும் பொருளாதாரப் பெருமந்தத்தின் நடுவில். பள்ளி முடித்த பிள்ளைகளுக்கு வேலை இல்லை, பல்கலைக்கழகத்துக்கு அனுப்பப் பெற்றோரிடம் காசு இல்லை. ஆர்ச்சிபால்ட் கிளவுட் என்ற கல்வி அதிகாரிதான் முன்னால் நின்று ஜூனியர் காலேஜைத் தொடங்கி வைத்தார், அவரே முதல் தலைவர். கட்டடம் கிடையாது. காலையில் பவல் தெருவில் பல்கலைக்கழக விரிவாக்க மையத்தில் சில வகுப்புகள், மதியம் கலிலியோ உயர்நிலைப் பள்ளியில் பிள்ளைகள் வீட்டுக்குப் போன பிறகு மிச்ச வகுப்புகள், அப்புறம் நகரம் முழுக்க எங்கெல்லாம் அறை காலியோ அங்கெல்லாம். ஒரு வகுப்பிலிருந்து இன்னொரு வகுப்புக்கு மாணவர்கள் டிராமில் ஏறிப் போனார்கள், அதனால் 'டிராலி கார் காலேஜ்' என்றே பெயர் வந்துவிட்டது.

சொந்த இடம் பிறகு பல்போவா பார்க் பக்கம் கிடைத்தது. அங்கே முன்பு இருந்தது சிறைச்சாலை. திமோத்தி ஃபிளூகர் என்ற கட்டடக் கலைஞர் அறிவியல் கட்டடத்தையும் உடற்பயிற்சிக் கூடங்களையும் வடிவமைத்து 1940-இல் திறந்தார்கள். அதே வருடம் அந்த நகரத்தின் டிரெஷர் ஐலண்ட் கண்காட்சியில், பார்வையாளர்கள் கண் முன்னாலேயே சாரத்தின் மேல் நின்று டியேகோ ரிவேரா ஒரு சுவரோவியம் வரைந்தார். 22 அடி உயரம், 74 அடி நீளம், பத்துப் பலகைகள். கல்லூரியில் கட்டப்போகும் நூலகத்தில் அதை வைப்பது ஃபிளூகரின் திட்டம். போர் வந்தது, நூலகம் வரவில்லை, 1946-இல் ஃபிளூகரும் போய்விட்டார். உலகப் புகழ் பெற்ற ஓவியம் பெட்டிக்குள் இருபது வருடம் கிடந்து, 1961-இல்தான் கல்லூரியின் நாடக அரங்க முகப்பில் ஏறியது. கணக்கு வகுப்பிலிருந்து ஆங்கில வகுப்புக்கு ஓடும் வழியில் ரிவேராவைப் பார்த்துக்கொண்டு போன மாணவர்கள் உலகத்தில் வேறெங்கும் அதிகம் இருந்திருக்க மாட்டார்கள். (கல்லூரி வாசலில் இருக்கும் தெருவுக்கு 2018-இல் ஃப்ரீடா காலோ பெயர் வைத்தார்கள், ஓவியத்துக்குள்ளும் அவர் நிற்கிறார்.)

1948-இல் பெயர் சிட்டி காலேஜ் ஆஃப் சான் பிரான்சிஸ்கோ என்று மாறியது. 1970-இல் பள்ளிக் கல்வி நிர்வாகத்திலிருந்து பிரிந்து தனி மாவட்டமானது, தனக்கென்று மக்கள் ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுக்கும் அறங்காவலர் குழுவோடு. அப்போது இரண்டு கிளைகள் இருந்தன: பட்டத்துக்கும் பல்கலைக்கழக இடமாற்றத்துக்கும் போகிறவர்கள் படிக்கும் முக்கிய வளாகம் ஒரு பக்கம், நகரம் முழுக்கப் பரவிக் கிடந்த வயது வந்தோர் கல்வி மையங்கள் இன்னொரு பக்கம். 1990-இல் இரண்டையும் ஒன்றாக இணைத்தார்கள். இதைப் பெரும்பாலான கட்டுரைகள் ஒரு வரியில் தாண்டிவிடுகின்றன, ஆனால் பின்னால் நடந்த அத்தனைக்கும் வித்து இங்கேதான் விழுந்தது. ஏனென்றால் இணைத்த பிறகு ஒரே கல்லூரிக்குள் இரண்டு விதமான மாணவர்கள். ஒருவர் யூனிட் (பாடத்துக்கான மதிப்புப் புள்ளி) சேர்த்து, இரண்டு வருடப் பட்டம் வாங்கி, பெர்க்லிக்கோ சான் பிரான்சிஸ்கோ ஸ்டேட்டுக்கோ மாறிப் போக வந்தவர். இன்னொருவர் கட்டணமே இல்லாத, யூனிட் கணக்கும் இல்லாத வகுப்புக்கு வந்தவர்: சைனா டவுனில் ஆங்கிலம் கற்றுக்கொள்ளும் பாட்டி, மிஷன் பகுதியில் குடியுரிமைத் தேர்வுக்குத் தயாராகும் ஓட்டல் தொழிலாளி, ஓய்வு பெற்ற பிறகு ஞாபகசக்திப் பயிற்சிக்கு வரும் தாத்தா. கல்லூரியின் மிகப் பெரிய துறையே இந்த ஆங்கில மொழித் துறைதான். தலைகளை எண்ணினால் இந்த இரண்டு வகையினரும் ஏறக்குறைய பாதிக்குப் பாதி.

கல்லூரிக்கு இது பெருமையாகவே இருந்தது. நாட்டிலேயே முதல் பிலிப்பைன் ஆய்வுத் துறை 1970-இல் இங்கே. முதல் ஓரினச்சேர்க்கையாளர் ஆய்வுத் துறை 1989-இல் இங்கே. ஓட்டல், சமையல் படிப்பு 1930-களிலிருந்தே உண்டு. ஊரில் எந்த மக்கள் வந்து இறங்கினாலும் அவர்களுக்கு ஒரு வகுப்பு திறப்பது என்பதே இந்தக் கல்லூரியின் குணம். கட்-ஆஃப், கவுன்சலிங், ரேங்க் என்று வளர்ந்த நமக்கு இது கொஞ்சம் விசித்திரமாகத்தான் இருக்கும். 1960-இல் கலிஃபோர்னியா போட்ட உயர்கல்வி மாஸ்டர் பிளான் மாணவர்களைத் தட்டுத் தட்டாகப் பிரித்தது: முதல் எட்டில் ஒரு பங்குக்கு யூனிவர்சிட்டி ஆஃப் கலிஃபோர்னியா, முதல் மூன்றில் ஒரு பங்குக்கு ஸ்டேட் யூனிவர்சிட்டி, மிச்ச எல்லோருக்கும் கம்யூனிட்டி காலேஜ். எல்லோரும் என்றால் எல்லோரும். மார்க் கேட்கக் கூடாது. 1984 வரைக்கும் கட்டணமும் கிடையாது, அந்த வருடம்தான் யூனிட்டுக்கு 5 டாலர் என்று ஆரம்பித்தார்கள்.

சரி, அப்படி இருந்த இடத்தில் எப்படிச் சிக்கல் வந்தது?

பணம்

2008 நிதி நெருக்கடிக்குப் பிறகு கலிஃபோர்னியா அரசு கம்யூனிட்டி காலேஜ்களுக்குக் கொடுக்கும் பணத்தை வெட்டிக்கொண்டே போனது. நாலு வருடத்தில் மாநிலம் முழுக்க சுமார் 80 கோடி டாலர். மற்ற கல்லூரிகள் ஆட்களை அனுப்பின, வகுப்புகளைக் குறைத்தன, மையங்களை மூடின. சிட்டி காலேஜ் முடிந்தவரை யாரையும் வெளியே அனுப்புவதில்லை என்று நின்றது. சம்பளத்தைக் கொஞ்சம் குறைத்துக்கொண்டார்கள், சேமிப்பைக் கரைத்தார்கள். 2009-இல் சான்ஸலராக, அதாவது கல்லூரித் தலைவராக, இருந்த டான் கிரிஃபின் ஒரு யோசனை சொன்னார்: 6,000 டாலர் கொடுங்கள், ரத்தாகவிருக்கும் ஒரு வகுப்பைக் காப்பாற்றலாம், உங்கள் பெயரையே அதற்கு வைக்கிறோம். பழைய சாமான் விற்பனை நடத்தியும் காசு சேர்த்தார்கள். படிக்கும்போது நெகிழ்ச்சியாகத்தான் இருக்கிறது, ஆனால் வருடத்துக்குப் பல கோடி டாலர் புரளும் ஒரு நிறுவனம் வகுப்பு நடத்தப் பழைய சாமான் விற்கிறது என்றால் அதை நடத்துகிறவர்கள் அன்றைக்கே உட்கார்ந்து வேறு கணக்குப் போட்டிருக்க வேண்டும். அதைப் போடவில்லை.

2012-இல் மேற்கு மாநிலங்களின் ஜூனியர் காலேஜ் அங்கீகார ஆணையம் ஆய்வுக்கு வந்தபோது கண்டது இது: வரவுசெலவில் 92 சதவீதம் சம்பளத்துக்கும் சலுகைகளுக்கும் போகிறது. அவசரத்துக்கு இருப்பு மிகக் குறைவு. எந்த மையம் எவ்வளவு செலவில் ஓடுகிறது என்று கேட்டால் தெளிவான பதில் இல்லை. நிர்வாகிகள் குறைவு, துறைத் தலைவர்கள் அறுபது பேர் போல, அவர்களுக்குத் தனி யூனியன். எந்த முடிவு எடுத்தாலும் அது நாலு குழுக்களுக்குள் போய்ச் சுற்றி வருகிறது. இதில் பலதை 2006-லேயே அதே ஆணையம் சுட்டிக்காட்டியிருந்தது, கல்லூரி சரிசெய்யவில்லை. ஆக, 2012 ஜூலையில் பதினான்கு பரிந்துரைகளோடு 'உங்கள் அங்கீகாரத்தை ஏன் எடுக்கக் கூடாது என்று காரணம் காட்டுங்கள்' என்ற நோட்டீஸ். தண்டனைகளில் இதுதான் கடைசிப் படி, இதற்கு மேல் ரத்துதான்.

நம் ஊர்க் கல்லூரிகளில் தரம் பார்க்கும் நாக் (NAAC) குழு வருகிறது என்றால் சுவருக்கு வெள்ளையடித்து, கோப்புகளை அடுக்கி, தண்ணீர்க் குழாயைக் கூடச் சரிசெய்து வைப்பார்கள். கிரேடு ஒன்று குறைந்தால் அசிங்கம், அவ்வளவுதான், கல்லூரி நடக்கும். அமெரிக்க ஆணையம் தனியார் அமைப்பு, ஆனால் மத்திய அரசு அதன் வார்த்தையை வைத்துத்தான் உதவித்தொகை கொடுக்கிறது. அதனால் அந்தக் கடிதத்துக்கு இருக்கும் கனம் வேறு.

தமாஷ் என்னவென்றால், நோட்டீஸ் வந்த அதே 2012-இல்தான் சைனா டவுனுக்காகப் பல வருடம் போராடிக் கட்டிய பதினான்கு மாடிக் கட்டடத்தைத் திறந்தார்கள். கட்டடத்துக்கான கடன் பத்திரப் பணம் வேறு, தினசரிச் செலவுப் பணம் வேறு, ஒன்றை எடுத்து இன்னொன்றில் போட முடியாது. வெளியிலிருந்து பார்த்தவர்களுக்கு அது எப்படிப் புரியும்? 'காசு இல்லையாம், ஆனால் டவர் கட்டுகிறார்கள்' என்றுதான் பேச்சு.

நோக்க அறிக்கையில் கை வைத்தது

பதினான்கு பரிந்துரைகளில் முதலாவது கல்லூரியின் நோக்க அறிக்கை பற்றியது. மிஷன் ஸ்டேட்மென்ட் என்றால் நாம் வெப்சைட்டில் யாரும் படிக்காத ஒரு பத்தி என்று நினைப்போம். இங்கே அது உயிர்நாடி. பழைய அறிக்கையில் பல்கலைக்கழக இடமாற்றம், இரண்டு வருடப் பட்டம், தொழில் சான்றிதழ், ஆங்கிலம் மற்றும் அடிப்படைத் திறன், இவற்றோடு வாழ்நாள் முழுக்கக் கற்பது, வாழ்க்கைத் திறன், பண்பாட்டு வளம், குடிமக்களாகப் பொதுவாழ்வில் ஈடுபடுவது என்று எல்லாமே ஒரே வரிசையில் இருந்தன. எதுவும் எதற்கும் கீழே இல்லை. ஆணையம் கேட்டது நியாயமான கேள்வி மாதிரித்தான் தோன்றும்: இத்தனைக்கும் உங்களிடம் பணம் இருக்கிறதா? எது முதலில்?

2012 கடைசியில் அறிக்கையைத் திருத்தினார்கள். இடமாற்றம், பட்டம், சான்றிதழ், அடிப்படைத் திறன் இந்த நான்கும் முதன்மை நோக்கம். மற்றதெல்லாம், வசதி இருந்தால் மட்டும், அதுவும் முடிந்தவரை வேறு அமைப்புகளோடு சேர்ந்து. 'வசதி இருந்தால் மட்டும்' என்ற அந்த ஒரு நிபந்தனைக்குள் முதியோர் வகுப்பு, பெற்றோர் வகுப்பு, ஓவியம், இசை எல்லாம் போய் உட்கார்ந்துகொண்டன. ஆங்கில வகுப்பு தப்பித்தது, அடிப்படைத் திறன் பட்டியலில் இருந்ததால். வசதி என்றைக்கு இருந்திருக்கிறது?

இது ஆணையம் தனியாகச் செய்ததும் இல்லை. மாநில அளவில் 'மாணவர் வெற்றி' என்று ஒரு செயற்குழு 2011-இல் உட்கார்ந்து, 2012-இல் அதன் பரிந்துரைகள் கொள்கையாகி, சட்டமும் ஆனது. அதன் வாதத்தில் வலு இல்லாமல் இல்லை. கம்யூனிட்டி காலேஜில் சேர்கிறவர்களில் பெரும்பாலானோர் பட்டமோ சான்றிதழோ இல்லாமல் வெளியே போகிறார்கள், அதில் கறுப்பின, லத்தீன் அமெரிக்கப் பிள்ளைகள் அதிகம். கதவைத் திறந்து வைத்தால் போதுமா, உள்ளே வந்தவன் ஏதாவது கையில் வாங்கிக்கொண்டு போக வேண்டாமா என்று கேட்டார்கள். எனக்கு இந்தக் கேள்வியோடு சண்டை இல்லை. அளக்கும் விதத்தோடுதான் சண்டை. பட்டம் வாங்கியவரை மட்டும் வெற்றி என்று எண்ணினால், ஆங்கிலம் கற்று மகளின் பள்ளி ஆசிரியரோடு பேச ஆரம்பித்த அம்மா, எக்செல் ஒரு செமஸ்டர் படித்து வேலையில் மேலே போனவர், இருவருமே பாதியில் நின்றவர்கள் கணக்கில்தான் வருவார்கள். சான் பிரான்சிஸ்கோவைச் சுற்றியுள்ள பே ஏரியாவின் தமிழ்க் குடும்பங்களில் பார்க்கலாம், பையன் உயர்நிலைப் பள்ளியில் இருக்கும்போதே பக்கத்துக் கம்யூனிட்டி காலேஜில் கால்குலஸ் முடிக்கிறான், வீட்டில் அம்மா அங்கேயே ஒரு அக்கவுண்டிங் வகுப்பு எடுக்கிறார். இருவரும் பட்டம் வாங்கப் போவதில்லை. இருவரும் தோற்றவர்களா?

சிட்டி காலேஜில் ஆசிரியர்களும் மாணவர்களும் 2011-இலேயே இந்தப் பரிந்துரைகளை வெளிப்படையாக எதிர்த்தார்கள். பின்னால் வழக்குப் போட்ட நகர வழக்கறிஞர் டென்னிஸ் ஹெரேரா இதைத்தான் பிடித்துக்கொண்டார்: மாநில அரசியலில் ஒரு கொள்கைப் பக்கம் நின்ற ஆணையம், அந்தக் கொள்கையை எதிர்த்த கல்லூரியைத் தண்டித்தது என்பது அவர் வாதம்.

கடிதமும் கோர்ட்டும்

நோட்டீஸுக்கும் ரத்துக்கும் நடுவில் ஒரு வருடம். அதற்குள் கல்லூரி ஓடி ஓடி வேலை செய்தது. 2012 நவம்பரில் நகர மக்களிடம் போய், ஒவ்வொரு சொத்துக்கும் வருடம் 79 டாலர் வரி, எட்டு வருடத்துக்கு, என்று கேட்டார்கள். மூன்றில் இரண்டு பங்கு ஓட்டு வேண்டும், 73 சதவீதம் போலக் கிடைத்தது. அங்கீகாரம் போகும் நிலையில் இருக்கும் ஒரு கல்லூரிக்குத் தன் சட்டைப் பையிலிருந்து பணம் கொடுக்க நான்கில் மூன்று பேர் சம்மதித்தார்கள் என்றால், அந்த ஊரில் ஏதோ ஒரு வகையில் எல்லோர் வீட்டிலும் ஒருவர் அங்கே போயிருக்கிறார். வாடகைக்கு எடுத்த மையங்கள் சிலவற்றை விட்டார்கள், துறைத் தலைவர் அமைப்பை மாற்றினார்கள், சம்பளத்தைக் குறைத்தார்கள்.

போதாது என்றது ஆணையம். ரத்து அறிவிப்பு வந்த சில நாட்களில் மாநில நிர்வாகம், மக்கள் தேர்ந்தெடுத்த அறங்காவலர் குழுவின் அதிகாரத்தை நிறுத்திவைத்து, ராபர்ட் அக்ரெல்லா என்ற ஒரே சிறப்பு அறங்காவலரிடம் எல்லாவற்றையும் கொடுத்தது. பொதுக் கூட்டம் கிடையாது, முடிவுகள் அறிவிப்பாக வரும். கட்டணம் பாக்கி வைத்த மாணவர்களை வகுப்பிலிருந்து எடுக்கும் கெடுபிடியும் இந்தக் காலத்தில்தான் இறுகியது. 2014 மார்ச்சில் மாணவர்கள் நிர்வாகக் கட்டடமான கான்லன் ஹாலுக்குள் போகப் பார்த்தபோது போலீஸோடு கைகலப்பாகி இரண்டு பேரைக் கைது செய்தார்கள். 1935-லிருந்து ஊர்ப் பொதுச் சொத்தாக இருந்த இடத்தில், ஊர் ஓட்டுப் போட்ட ஒருவருக்கும் அதிகாரம் இல்லை என்ற நிலை இரண்டு வருடம் நீடித்தது, 2015 ஜூலையில்தான் குழுவுக்கு அதிகாரம் திரும்பியது.

கோர்ட் பக்கம் வேறு கதை. ஆசிரியர் யூனியன்கள் முதலில் மத்தியக் கல்வித் துறையிடம் புகார் கொடுத்தன, 2013 ஆகஸ்டில் கல்வித் துறை ஆணையத்தின் மேலேயே குறைகளைப் பதிவு செய்தது. அதில் ஒன்று எந்தக் கிராமத்துப் பஞ்சாயத்திலும் ஒத்துக்கொள்ள மாட்டார்கள்: ஆணையத் தலைவர் பார்பரா பேனோவின் கணவர் பீட்டர் கிராப்ட்ரீ கல்லூரியை ஆய்வு செய்த குழுவில் ஒருவர். அதே மாதம் ஹெரேரா வழக்குத் தொடர்ந்தார். 2014 ஜனவரி 2-ஆம் தேதி நீதிபதி கர்ட்டிஸ் கார்னோ ரத்துக்கு இடைக்காலத் தடை போட்டார். தடை இல்லாமல் ஜூலை வந்திருந்தால் இந்தக் கட்டுரையே ஒரு இரங்கல் குறிப்பாக இருந்திருக்கும்.

விசாரணை 2014 அக்டோபரில் நடந்தது, தீர்ப்பு 2015 தொடக்கத்தில். நான்கு இடத்தில் ஆணையம் சட்டத்தை மீறியது என்றார் நீதிபதி. கணவர் விஷயம் ஒன்று. ஆய்வுக் குழுவில் பாடம் நடத்துகிறவர்களுக்குப் போதுமான இடம் தரவில்லை, நிர்வாகிகளே நிறைந்திருந்தார்கள் என்பது இரண்டு. எது வெறும் ஆலோசனை, எது தண்டனைக்குரிய குறை என்று கல்லூரிக்குத் தெளிவாகச் சொல்லவில்லை என்பது மூன்று. நான்காவதுதான் எனக்குப் பெரிதாகத் தெரிகிறது: ஆய்வுக் குழு சொல்லாத குறைகளை ஆணையம் தானாகச் சேர்த்துக்கொண்டது, அதற்குப் பதில் சொல்லக் கல்லூரிக்கு வாய்ப்பே தரவில்லை. ஆனால் ஒன்றைக் கவனிக்க வேண்டும், கல்லூரி சுத்தம் என்று நீதிபதி சொல்லவில்லை. நடைமுறை தப்பு என்றார், அவ்வளவுதான். கொள்கைக்காகப் பழிவாங்கினார்கள் என்ற பெரிய குற்றச்சாட்டு இந்தத் தீர்ப்பால் நிரூபணமாகவில்லை. வெற்றிக் கூட்டங்களில் இதை யாரும் பேசவில்லை.

கல்லூரிக்கு இரண்டு வருட 'மீட்பு' காலம் கொடுத்து, 2017 ஜனவரி 13 அன்று ஏழு வருடத்துக்கு முழு அங்கீகாரம் திரும்பக் கிடைத்தது. மூடப்போகிறார்கள் என்று பேசிய ஐந்து வருடத்தில் கல்லூரி மூடவே இல்லை, ஒரு நாள்கூட அங்கீகாரம் இல்லாமல் இருந்ததில்லை. ஆனால் மாணவர்களில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு போய்விட்டார்கள். மூடும் கல்லூரியில் யார் பிள்ளையைச் சேர்ப்பார்கள்? கலிஃபோர்னியாவில் மாணவர் எண்ணிக்கைதான் பணம், ஆள் குறைந்தால் பணம் குறையும். மாநிலச் சட்டசபை சில வருடங்களுக்கு இட்டு நிரப்பும் நிதி கொடுத்ததால் கல்லூரி தாக்குப்பிடித்தது, அந்த நிதியும் படிப்படியாகக் குறையும்படித்தான் எழுதியிருந்தது.

இலவசம்

அப்புறம் நடந்தது யாரும் எதிர்பார்க்காதது. 2016 நவம்பரில் 50 லட்சம் டாலருக்கு மேல் விற்கும் சொத்துகள் கைமாறும்போது கட்டும் வரியைக் கூட்டும் தீர்மானத்தை நகர மக்கள் சுமார் 62 சதவீத ஓட்டில் நிறைவேற்றினார்கள். அந்தப் பணத்தில் சிட்டி காலேஜை இலவசமாக்கலாம் என்று நகரசபை உறுப்பினர் ஜேன் கிம் முன்னால் நின்றார். மேயர் எட் லீ முதலில் இழுத்தடித்து, 2017 பிப்ரவரியில் வருடம் 54 லட்சம் டாலருக்கு ஒப்புக்கொண்டார். அந்த இலையுதிர் செமஸ்டரிலிருந்து சான் பிரான்சிஸ்கோவில் வசிக்கும் எவரும், கோடீஸ்வரராக இருந்தாலும், யூனிட்டுக்கு 46 டாலர் கட்டணம் இல்லாமல் படிக்கலாம் என்றானது. வருமானச் சான்றிதழ் கேட்காமல் எல்லோருக்கும் கொடுத்த முதல் அமெரிக்க நகரம் இது. ஏற்கெனவே கட்டண விலக்கு பெற்ற ஏழை மாணவர்களுக்கு, முழு நேரம் படித்தால், செமஸ்டருக்கு 250 டாலர் புத்தகச் செலவுக்கு. 2019-இல் மேயர் லண்டன் பிரீட் காலத்தில் இது பத்து வருடத் திட்டமானது, வருடம் ஒன்றரைக் கோடி டாலர்.

பணக்காரனுக்கு ஏன் இலவசம் என்று அங்கேயும் கேட்டார்கள். தமிழ்நாட்டில் இந்த விவாதத்தை நாம் நிறையப் பார்த்திருக்கிறோம். என் பதில், தகுதி பார்க்க ஆரம்பித்தால் விண்ணப்பத்தில் நாலு பக்கம் கூடும், அந்த நாலு பக்கத்தில்தான் ஏழை விழுவான்.

ஆனால் இலவசம் கட்டணத்தைத் தீர்த்தது, கல்லூரி நடத்தும் செலவைத் தீர்க்கவில்லை. மாணவர் கட்டும் 46 டாலரை நகரம் கட்டுகிறது, ஆசிரியர் சம்பளம் மாநிலத்திலிருந்து வர வேண்டும். அந்த மாநிலப் பணத்தின் சூத்திரத்தை 2018-இல் மாற்றினார்கள்: பெரும்பகுதி மாணவர் எண்ணிக்கைக்கு, இருபது சதவீதம் வறுமைக் கணக்குக்கு, பத்து சதவீதம் பட்டம், சான்றிதழ், இடமாற்றம் போன்ற விளைவுகளுக்கு. 2012-இல் நோக்க அறிக்கையில் கொண்டுவந்த அதே வரிசை இப்போது காசோலையில் வந்துவிட்டது. கோர்ட்டில் கல்லூரி ஜெயித்த சண்டை, பட்ஜெட் சட்டத்தில் சத்தமில்லாமல் தோற்றுப்போனது என்பேன்.

2019 நவம்பரில், அடுத்த வசந்த செமஸ்டருக்கான அட்டவணை வெளியான பிறகு, நிர்வாகம் சுமார் 300 வகுப்புகளை ரத்து செய்தது. முதியோர் வகுப்புகளில் பெரும்பகுதி அதில் போனது. வசதி இருந்தால் மட்டும் என்று எழுதியிருந்தார்கள் இல்லையா, வசதி இல்லை. எழுபது வயதுக்காரர்கள் அறங்காவலர் கூட்டத்தில் வந்து நின்று பேசினார்கள். நாலு மாதத்தில் சான்ஸலர் மார்க் ரோச்சா விடுப்பில் போனார், அதே மாதம் கொரோனா. 2021-இல் ஆட்குறைப்பைத் தவிர்க்க ஆசிரியர்கள் மறுபடியும் சம்பளத்தைக் குறைத்துக்கொண்டார்கள், 2022 மே மாதம் முழுநேர ஆசிரியர்கள் 38 பேரை அனுப்பினார்கள். அந்த வருடம் இன்னொரு சொத்து வரிக்கு ஓட்டுக் கேட்டபோது மக்கள் கொடுக்கவில்லை.

இந்த விவகாரத்தைப் படிக்கிற நிர்வாகத் துறைக்காரர்கள் 92 சதவீதத்தையும் காலியான இருப்பையும் சுட்டிக்காட்டுவார்கள். அது சரிதான், 2006-லேயே சொன்னதைக் கேட்டிருந்தால் 2012-இல் ஆணையத்துக்குப் பிடி கிடைத்திருக்காது, யூனியன் தலைவர்கள் இதை ஒப்புக்கொள்வதில்லை. ஆனால் முதியோர் வகுப்பின் செலவை மட்டும் எழுதிவிட்டு, அதன் பலனை எழுத ஒரு கட்டம்கூட வைக்காத கணக்கில், இருப்பு எவ்வளவு இருந்தாலும் அந்த வகுப்பு முதலில்தான் போகும். கல்லூரி தன் பக்கத்தில் செய்யாமல் விட்ட வேலையும் அதுவே. யூனிட் இல்லாத வகுப்புக்கு வந்தவர்கள் என்ன ஆனார்கள், எத்தனை பேர் வேலையில் சேர்ந்தார்கள், எத்தனை பேர் குடியுரிமை வாங்கினார்கள், எத்தனை பேர் பிறகு யூனிட் வகுப்புக்கு மாறினார்கள் என்று முறையாகப் பின்தொடர்ந்து, அந்தக் கட்டத்தைத் தானே வரைந்து ஆணையத்தின் மேஜையில் வைத்திருக்கலாம். ஆளும் இருந்தது, 1990-லிருந்து நேரமும் இருந்தது.